துளியிலே பிறக்கும் பளிங்கு

சீனிப்பாகிலே நூலைத் தொங்கவிட்டுக் கற்கண்டு விளைவிக்கும் முறையை எம்மவர் பலர் அறிவர். பாகைக் காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைவில்லாத ஓரிடத்தில் மூடி வைத்துவிட்டால், சில நாட்கள் கழித்து அந்நூலைச் சுற்றிப் பளபளவென்று கட்டிகள் திரண்டிருக்கும். பாகு இளகியிருந்தால் ஒன்றும் விளையாது. முறுகிவிட்டாலோ கண்டபடி உறைந்துபோகும். அவசரப்பட்டுப் பாத்திரத்தை ஆட்டினால், மணல்போலப் பொடிச்சீனி அடியிலே படியும். பதமும் பொறுமையும் தொடாதிருக்கும் அடக்கமும் ஒருங்கே அமைந்தாலன்றிக் கற்கண்டு கைகூடுவதில்லை.

ஏறக்குறைய இதே வேலையை இன்று உலகின் பெரிய ஆய்வுகூடங்களிலே இயந்திரங்கள் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். அவை விளைவிப்பது கற்கண்டன்று. எமது உடலிலும் பயிர்களிலும் நோய்க்கிருமிகளிலும் உள்ள புரதங்களைப் பளிங்காக்குவதே அவற்றின் தொழில். 'றோபோ' என்று அழைக்கப்படும் அவ்வியந்திரங்கள் எதற்காகத் தோன்றின, எதைச் செய்கின்றன, எதைச் செய்ய மாட்டாது மனிதனையே எதிர்நோக்கி நிற்கின்றன என்பவற்றை இக்கட்டுரையிலே நோக்குவோம்.

பளிங்கு எதற்கு?

புரதம் என்றவுடன் பருப்பும் மீனும் முட்டையுமே எமது நினைவுக்கு வருகின்றன. ஆனால், நாம் உட்கொள்ளும் புரதம் உடலினுள்ளே சிதைந்து, மீண்டும் ஆயிரமாயிரம் வகைப் புரதங்களாகக் கட்டப்படுகின்றது. சுவாசப்பையிலிருந்து ஒட்சிசனைச் சுமந்து செல்லும் ஈமோகுளோபின் ஒரு புரதம். குருதியிலுள்ள குளுக்கோசின் அளவைச் சீர்செய்யும் இன்சுலின் மற்றொன்று. இரைப்பையிலே உணவைச் செரிக்கவைக்கும் பெப்சின் பிறிதொன்று. ஒவ்வொன்றும் நீண்ட சங்கிலியாகப் பிறந்து, தனக்கே உரிய உருவில் மடிந்து, அவ்வுருவின் வலிமையாலேயே தன் தொழிலைச் செய்கின்றது. அம்மடிப்பிலே குழி எங்கேயுள்ளது, அதன் ஆழம் எவ்வளவு என்பதை அறிந்தால், அதிலே பொருந்தி அப்புரதத்தின் வேலையைத் தடுக்கவோ தூண்டவோ வல்ல மருந்தைத் திட்டமிட்டு ஆக்கலாம். பூட்டின் உட்புறத்தைக் கண்டவனே திறவுகோலை அளவாக வெட்டுவான்.

நல்ல நுணுக்குக்காட்டியால் அவ்வுருவைக் காணலாகாதா என்று மாணவர் கேட்பர். சாதாரண ஒளியைக் கொண்டு காண இயலாது. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் 10 இலட்சத்தில் ஒரு பங்கு. எமது கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர். ஈமோகுளோபின் மூலக்கூறோ 6 நனோமீற்றர் அளவினது. கடலின் பேரலை சிறு கூழாங்கல்லைப் பொருட்படுத்தாது கடந்து செல்வதுபோல, ஒளியலை அதனைக் கடந்து போய்விடும். எக்ஸ் கதிரின் அலைநீளம் அணுக்களின் இடைத்தூரத்துக்கு ஒப்பானது; ஆகையால் அது அணுக்களிலே பட்டுச் சிதறும்.

ஆயினும், தனியொரு மூலக்கூற்றிலிருந்து சிதறும் கதிர் மிகச் சொற்பம். ஒருவர் பாடினால் நாலாம் வீதிக்குக் கேளாது. பல்லாயிரவர் ஒரே சுருதியிலே, ஒரே தாளத்திலே பாடினால் கேட்கும். பளிங்கு என்பது அத்தகைய கூட்டுப்பாட்டு. மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கே பக்க நீளமுள்ள சிறு பளிங்கிலும் சில இலட்சம் கோடி மூலக்கூறுகள் ஒரே ஒழுங்கில் அணிவகுத்து நிற்கின்றன. அவை ஒன்றுசேர்ந்து சிதறச்செய்யும் எக்ஸ் கதிர்கள் புள்ளிகளாகப் பதிவாகும். அப்புள்ளிகளின் இடத்தையும் வலிமையையும் கொண்டு, கணிதத்தின் துணையோடு, மூலக்கூற்றின் உருவை விஞ்ஞானிகள் வரைகின்றனர். பளிங்கு இல்லையேல் அந்தப் படமும் இல்லை.

கையும் கண்ணும் உழைத்த காலம்

புரதப் பளிங்கை மனிதன் முதலிலே கண்டது தற்செயலாகத்தான். மண்புழுவின் குருதியை இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே உலரவிட்ட ஹூனெஃபெல்ட் என்னும் ஜெர்மானியர், அதிலே தகடு போன்ற பளிங்குகள் தோன்றியிருப்பதை 1840 ஆம் ஆண்டில் எழுதி வைத்தார்.

அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சம்னரின் கதை மாணவர்கள் அறியத்தக்கது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். 17 வயதில் வேட்டையின்போது நேர்ந்த விபத்தினால் அந்த இடக்கையையே இழந்தார். ஒற்றைக் கையால் இரசாயன ஆராய்ச்சி செய்வது எளிதன்று எனப் பலர் தடுத்தும் அவர் கேட்கவில்லை. எமது வாளவரைக்கு இனமான ஒருவகை அவரை விதையிலிருந்து யூரியேசு என்னும் நொதியத்தைப் பிரித்தெடுக்க 1917 இல் முயலத் தொடங்கினார். ஒன்பது ஆண்டுகள் கழிந்தபின், 1926 இல், இரவு முழுவதும் குளிரிலே வைத்திருந்த சாற்றில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது சின்னஞ்சிறு பளிங்குகளைக் கண்டார். நொதியமும் ஒரு புரதமே என்பதை அறிஞர் பலர் அப்போது ஒப்புக்கொள்ள மறுத்தனர். 1946 இலே நோபல் பரிசு அவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

1934 இல் நிகழ்ந்தது இன்னும் விந்தையானது. சுவீடனில் உப்சாலா நகரிலே பெப்சினை ஆராய்ந்துகொண்டிருந்த ஜோன் ஃபில்பொட் என்பவர், தமது கரைசலைக் குளிரிலே வைத்துவிட்டுப் பனிச்சறுக்கு விளையாட விடுமுறையிற் சென்றார். திரும்பிவந்து பார்த்தபோது 2 மில்லிமீற்றர் வரை நீண்ட அழகிய பளிங்குகள் வளர்ந்திருந்தன. அவற்றுட் சிலவற்றை நண்பரொருவர் கேம்பிரிட்ஜுக்கு எடுத்துச் சென்று ஜோன் பேர்ணலிடம் கொடுத்தார். பளிங்கை உலரவிடாது, அது வளர்ந்த நீரிலேயே வைத்து எக்ஸ் கதிர்ப் படம் எடுக்க வேண்டும் என்ற உண்மையைப் பேர்ணலும் டொறதி ஹொட்ஜ்கினும் அப்பளிங்குகளைக் கொண்டே உலகுக்கு அறிவித்தனர்.

அதே டொறதி ஹொட்ஜ்கின் 1935 இல் ஒக்ஸ்போட்டிலே இன்சுலின் பளிங்கின் முதற் படத்தை எடுத்தார். அதன் முழு உருவை அவர் கண்டது 1969 இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்! ஈமோகுளோபினை 1937 இல் ஆராயத் தொடங்கிய மக்ஸ் பெரூட்ஸ், 1959 இலேயே அதன் உருவைக் கண்டார். இவர்கள் மேதைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால், இவர்கள் தொட்ட புரதங்கள் இலகுவிற் பளிங்காகத்தக்கனவாகவும், தாராளமாகக் கிடைப்பனவாகவும் இருந்தமையையும் மறத்தலாகாது. குதிரையின் குருதியைப் போத்தல் போத்தலாகப் பெறலாம். மனித இதயத்திலோ மூளையிலோ இம்மியளவே உள்ள புரதத்தை எங்கே பெறுவது?

துளிக்குள் நடப்பது

உப்பு, சீனி ஆகியவற்றின் மூலக்கூறுகள் சிறியவை; உறுதியானவை; செங்கற்களைப்போல எளிதில் அடுக்கப்படுபவை. புரதமோ பெரியது, மெத்தென்றது, மேடும் பள்ளமுமான உருவினது. ஒன்றையொன்று சில இடங்களிலே மாத்திரம் தொட்டுக்கொண்டு அம்மூலக்கூறுகள் அடுக்கப்பட வேண்டும். புரதப் பளிங்கிலே ஏறக்குறையப் பாதி நீர்தான். விரல் பட்டால் நொறுங்கும். காற்றுப் பட்டால் பாழாகும்.

இத்தகைய பளிங்கை விளைவிப்பதற்குப் புரதக் கரைசலின் ஒரு துளியோடு, உப்பு அல்லது பொலிஎதிலீன் கிளைக்கோல் போன்ற ஒரு பொருளின் கரைசலில் ஒரு துளியைக் கலப்பர். அக்கலவைத் துளியை, அதே பொருளின் செறிந்த கரைசல் உள்ள குழியின் பக்கத்திலே வைத்துக் காற்றுப் புகாது மூடிவிடுவர். துளியிலுள்ள நீர் ஆவியாகி மெல்ல மெல்லக் குழியை நாடிச் செல்லும். துளி சுருங்கும், புரதத்தின் செறிவு கூடும், கரைந்திருக்க இயலாத ஓர் எல்லையைப் புரதம் அடையும். அவ்வெல்லையைத் துளி நிதானமாகக் கடந்தால் பளிங்கு பிறக்கும். விரைந்து கடந்தால் பழுப்பு நிறச் சேறுபோல வீழ்படிவு உண்டாகும். கடவாவிட்டால் துளி தெளிந்த நீராகவே கிடக்கும். கற்கண்டுப் பாகிலே கண்ட மூன்று விளைவுகளும் இங்கே மீண்டும் தோன்றுகின்றன.

எந்தப் பொருளைச் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது, அமிலத்தன்மை எவ்வளவு இருப்பது, எந்த வெப்பநிலையில் வைப்பது? புதியதொரு புரதத்துக்கு இவற்றை முன்கூட்டியே சொல்லவல்ல விதி இன்றுவரை இல்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீழ்படிவாக்கும் பொருள்கள் 20, ஒவ்வொன்றுக்கும் 5 செறிவுகள், 10 அமிலத்தன்மைகள், 20 துணைப்பொருள்கள், 2 வெப்பநிலைகள் என்று கொண்டால், செய்ய வேண்டிய பரிசோதனைகள் 40,000 ஆகும். நாளொன்றுக்கு நூறு செய்தாலும் ஓராண்டுக்கு மேலாகும். அத்தனைக்கும் போதிய புரதமும் கிடைப்பதில்லை. இவ்விரு இடர்களிலிருந்தே றோபோ பிறந்தது.

றோபோ வந்த விதம்

முன்பெல்லாம் 24 குழிகள் கொண்ட தட்டிலே, ஒவ்வொரு குழியின் விளிம்பிலும் பசை தடவி, கண்ணாடித் துண்டிலே துளிகளைக் கலந்து, அதனைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒட்டுவர். முதுகு வளைய, கண் பூத்துப்போக, மணிக்கணக்கிலே குனிந்திருந்து செய்யும் வேலை அது. காலையிலே இட்ட துளியும் மாலையிலே களைத்த கை இட்ட துளியும் ஒன்றாக இருப்பதில்லை.

1990 ஆம் ஆண்டிலே, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் நயோமி சேயன், டேவிட் புளோ முதலியோர், கணினியால் இயக்கப்படும் ஓர் இயந்திரத்தைக் கொண்டு சிறு துளிகளை எண்ணெயின் கீழே இடும் முறையை வெளியிட்டனர். எண்ணெய் மூடியிருப்பதால் துளி உலர்ந்து போவதில்லை. அடுத்த ஆண்டு, கலிபோர்னியாவிலே ஜன்காரிக், கிம் என்ற இருவர், முன்னர் பளிங்கு தந்த கலவைகளை ஆராய்ந்து, அவற்றைத் தழுவி 50 கலவைகள் கொண்ட ஒரு தொகுதியை அமைத்தனர். கடல் முழுவதையும் வலைபோட்டு அரிப்பதற்குப் பதிலாக, மீன் படும் இடங்களாகப் பார்த்து வலை வீசுவது போன்றது அவர்கள் வழி. பின்னர் இத்தகைய தொகுதிகள் பல்கின; இயந்திரங்களும் நுட்பமடைந்தன. அமெரிக்காவின் பஃபலோ நகரிலுள்ள ஹோப்ட்மன்-வூட்வார்ட் ஆராய்ச்சி நிலையம், 2000 ஆம் ஆண்டு தொடக்கம், ஒரே தட்டில் 1,536 கலவைகளைச் சோதிக்கும் சேவையைப் பிற ஆய்வாளர்களுக்கும் அளிக்கலாயிற்று.

ஒரு தட்டு, 96 குழிகள்

இந்த றோபோ மனித உருவங் கொண்டதன்று. மேசைமேல் வைக்கத்தக்க பெட்டி போன்றது. அதிலே தட்டுகள் வைப்பதற்கான தளமும், மேலும் கீழும் அசையும் ஊசி வரிசையும் உண்டு. தட்டு உள்ளங்கை அளவினது. 8 வரிசை, 12 நிரல் ஆக 96 குழிகள் அதில் அமைந்துள்ளன. ஒவ்வொரு குழியின் அருகிலும் துளி இருப்பதற்கு ஒரு சிறு மேடை உண்டு.

ஊசிகள் இறங்கிக் குழிகளிலுள்ள கலவைகளிற் சிறிது எடுக்கின்றன; மேடைகளிலே வைக்கின்றன; அவற்றின்மேல் புரதக் கரைசலையும் துளித்துளியாக இடுகின்றன. உடனே தட்டின்மேல் தெளிவான ஒட்டுத்தாள் ஒட்டப்படுகின்றது. தொண்ணூற்றாறு பரிசோதனைகளும் சில நிமிடங்களுள் அமைந்துவிடுகின்றன. விரைவு இங்கே ஆடம்பரமன்று. துளி அத்துணைச் சிறிது. சற்றுத் தாமதித்தாலும் மூடுமுன்னரே உலரத் தொடங்கிவிடும்.

அதன் சிறுமையை எண்ணிப் பாருங்கள். றோபோ இடும் புரதத் துளி பெரும்பாலும் 100 நனோலீற்றர். உருண்டையாக்கினால் அதன் விட்டம் அரை மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். தேநீர்க் கரண்டி ஒன்றிலே அடங்கும் 5 மில்லிலீற்றர் நீரை இவ்வாறு பிரித்தால் 50,000 துளிகள் கிடைக்கும். இன்னொரு கணக்கும் உண்டு. மில்லிலீற்றருக்கு 10 மில்லிகிராம் புரதம் உள்ள கரைசலைக் கொண்டு, துளிக்கு 2 மைக்கிரோலீற்றர் வீதம் கையால் 1,000 பரிசோதனைகள் செய்வதற்கு 20 மில்லிகிராம் புரதம் வேண்டும். றோபோவுக்கு ஒரு மில்லிகிராம் போதும். பல வாரங்கள் உழைத்துச் சில மில்லிகிராமே பிரித்தெடுக்க முடிந்த ஒருவருக்கு, இருபது மடங்கு சிக்கனம் என்பது தொடர்வதா கைவிடுவதா என்ற வினாவுக்கே விடையாகிவிடும்.

கலவைகளின் இயல்பும் ஒன்றுபோலிருப்பதில்லை. சில தேன்போலத் தடித்திருக்கும். சில மதுசாரம்போல ஓடிப்போகும். இரண்டையும் ஒரே அளவில் எடுப்பதற்காக, ஊசியினுள்ளே திரவத்தைத் தொட்டுக்கொண்டே தள்ளும் நுண்ணிய தண்டு உள்ள றோபோக்கள் செய்யப்பட்டுள்ளன. வேறு சில இயந்திரங்கள் ஊசியையே பயன்படுத்துவதில்லை. செவிக்குக் கேளாத ஒலியலையைக் கீழிருந்து செலுத்தி, 2.5 நனோலீற்றர் துளிகளை மேல்நோக்கித் தெறிக்கவைக்கின்றன.

கைக்கு எட்டாத புரதங்களையும் றோபோ எட்டச் செய்திருக்கின்றது. உயிர்க்கலத்தின் கொழுப்புச் சவ்விலே பதிந்திருக்கும் புரதங்கள் நீரிலே நிலைபெறா. அவற்றைப் பற்பசைபோன்ற கொழுப்புக் களியிலே வைத்துப் பளிங்காக்கும் வழியை 1996 இல் லண்டோ, ரோசன்புஷ் ஆகியோர் கண்டனர். அக்களியைச் சில பத்து நனோலீற்றர் அளவிலே கையால் இடுவது மிக அரிது. அதற்கென றோபோ ஒன்றைச் செரெசோவ், கஃப்ரி ஆகியோர் அமைத்து 2004 இல் விவரித்தனர். 2007 இல், அச்சம் வரும்போது எமது உடலைத் துடிக்கவைக்கும் அதிரினலினை ஏற்கும் புரதமொன்றின் உருவம் இக்களிமுறையால் வெளிப்பட்டது. ஈளை நோயாளர் உறிஞ்சும் சல்பியூட்டமோல் மருந்து பற்றிக்கொள்வதும் இதே புரதத்தைத்தான். இவ்வகைப் புரதங்களை ஆராய்ந்த லெஃப்கோவிட்ஸ், கோபில்கா ஆகிய இருவருக்கும் 2012 இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஓர் ஆய்வுகூடத்தின் கதை

கேம்பிரிட்ஜிலே 1962 இல் திறக்கப்பட்ட மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்குத் தலைமை வகித்தவர் முன்னே கூறிய மக்ஸ் பெரூட்ஸ். எமது தமிழகத்துச் சிதம்பரத்தில் 1952 இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், புரதங்களை எல்லாம் கட்டியமைக்கும் ரைபோசோமின் சிறு பகுதியினது உருவைத் தம் குழுவினருடன் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டதும் இங்கிருந்தே. ரைபோசோமின் முதற் பளிங்குகளை அடா யோனத் விளைவித்தது 1980 அளவில். பளிங்கிலிருந்து தெளிந்த படம்வரை செல்ல இருபது ஆண்டுகள் ஆயின. இவ்விருவருக்கும் தோமஸ் ஸ்ரைற்ஸ் என்பவருக்கும் 2009 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அதே ஆய்வுகூடத்தில் அமைக்கப்பட்ட றோபோக் கூடத்தைப் பற்றி டனியேலா ஸ்டொக், ஒல்கா பெரிசிச், ஜான் லோவே என்போர் 2005 இல் எழுதினர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கலவைகள் தட்டுகளிலே முன்கூட்டியே நிரப்பி, மூடிச் சேமிக்கப்பட்டிருக்கும். ஆராய்ச்சியாளர் தமது புரதத்தைக் கொண்டுவந்தால் றோபோ துளிகளை இட்டுவிடும். அனுபவமுள்ள மூத்தவருக்கும், நேற்று வந்து சேர்ந்த மாணவருக்கும் ஒரே வகையான துளிகள் கிடைக்கின்றன. இளையவர் ஒருவர் தமது கைத்திறம் முற்றும்வரை காத்திராது, தமது ஐயத்தையே நேராகச் சோதிக்க இயலுகின்றது.

தோல்வியின் கணக்கு

துளியை இட்டபின் றோபோவின் பணி முடிகின்றது. வெற்றியோ தோல்வியோ துளிக்குள்ளேதான். பெரும்பாலான துளிகள் தெளிந்தே கிடக்கும், அல்லது சேறாகும். சிலவற்றில் மினுமினுக்கும் பளிங்கைக் கண்டு ஆராய்ச்சியாளர் துள்ளி எழுவர். ஊசியாற் குத்திப் பார்த்தால் 'டக்' என்று வெடிக்கும். அது வெறும் உப்புப் பளிங்கு! புரதப் பளிங்கு ஓசையின்றி நொறுங்கும். இப்படி ஏமாறாதவர் இத்துறையிலே அரியர்.

ஆயிரக்கணக்கான துளிகளை நாள்தோறும் கண்ணாற் பார்த்தல் எளிதன்று. ஆகையால் தட்டுகளைக் குறித்த நாட்களிலே தாமாகவே படம்பிடிக்கும் இயந்திரங்களும் வந்தன. படங்களை இனம்பிரிக்கக் கணினிக்குக் கற்பிக்கும் முயற்சியொன்று 2018 இல் வெளியாயிற்று. பல ஆய்வுகூடங்களிலிருந்து திரட்டிய ஏறக்குறைய 5 இலட்சம் படங்களைக் கொண்டு பயிற்றப்பட்ட அக்கணினி, நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அளவில் மனிதரின் தீர்ப்போடு ஒத்துப்போயிற்று. எஞ்சிய ஆறு மனிதரின் கண்ணுக்கு உரியன. தேடிய பளிங்கு அந்த ஆறிலே மறைந்திருக்கவும் கூடும்.

எமது எண்ணத்தில், றோபோவின் மிகப்பெரிய கொடை விரைவன்று; அது எழுதிவைக்கும் கணக்கு. கையால் வேலை செய்த காலத்தில் பளிங்கு தந்த கலவையே நூலிலே ஏறியது. பளிங்கு தராத நூற்றுக்கணக்கான துளிகள் கழுவி ஊற்றப்பட்டு மறக்கப்பட்டன. இன்று ஒவ்வொரு துளியிலும் என்ன இருந்தது, எந்நாளில் எவ்வாறு மாறியது என்பன யாவும் பதிவாகின்றன. அந்தத் தோல்விகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு வழி புலப்படும். இந்தப் பக்கத்துக் கலவைகள் எல்லாம் சேறாகின்றன, அந்தப் பக்கத்தவை எல்லாம் தெளிந்திருக்கின்றன; எனவே தேட வேண்டியது இரண்டுக்கும் இடையில் என்று ஆராய்ச்சியாளர் ஊகிக்கின்றார்.

பயனற்றது என்று எறியத்தக்க துளியும் சில வேளைகளிற் கைகொடுக்கும். படத்துக்கு உதவாத குறைப் பளிங்குகளைப் பொடியாக்கி, அப்பொடியை விதையாக வேறு நூற்றுக்கணக்கான கலவைகளிலே றோபோவைக் கொண்டு தூவும் முறையை டார்சி என்பவரும் அவர் கூட்டாளிகளும் 2007 இல் விவரித்தனர். வேறு வழியிற் பிறக்காத பளிங்குகள் அவ்விதையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. கற்கண்டுக்கு நூல் செய்யும் உதவி இதுவே.

கணினியே உருவைச் சொல்லும் காலத்திலும்

புரதங்களின் உருவைக் கணினியே சொல்லிவிடுகின்றதே, இனிப் பளிங்கு எதற்கு என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. அல்ஃபாபோல்ட் என்னும் கணினிமுறை 2020 இல் பெருவெற்றி கண்டது. அதனை ஆக்கிய ஹசாபிஸ், ஜம்பர் ஆகியோர் 2024 இன் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதிகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியோ பளிங்கில்லாமலே பெரிய மூலக்கூறுகளைக் காட்டுகின்றது.

ஆயினும் அக்கணினி எங்கே கற்றது? 1971 இல் ஏழே உருவங்களோடு தொடங்கி, 2023 இன் தொடக்கத்தில் 2 இலட்சத்தைத் தாண்டிய புரத உருவக் களஞ்சியத்திலேதான். அவ்வுருவங்களிற் பெரும்பான்மையானவை பளிங்குகள் தந்தவை. எண்ணற்ற கைகள் எண்ணற்ற துளிகளிலே தேடிச் சேர்த்த செல்வத்தையே கணினி முதலாக்கிக்கொண்டது.

மேலும், ஒரு புரதத்தின் குழியில் இன்ன மருந்து இவ்வாறே பொருந்துகின்றது என்பதை நேரிற் கண்டு உறுதிசெய்யப் பளிங்கு இன்றும் வேண்டப்படுகின்றது. கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கிய 2020 இல், இங்கிலாந்தின் ஹார்வெல்லில் உள்ள டயமண்ட் நிலையத்து ஆய்வாளரும் அவர்தம் துணைவரும் அவ்வைரசின் முக்கிய நொதியத்தைப் பளிங்குகளாக்கினர். ஒலியலையாற் சிறுதுளி தெறிக்கவைக்கும் முறையின் துணையோடு ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு சேர்வைகளை அப்பளிங்குகளிலே ஊறவைத்து ஆராய்ந்தபோது, 74 சேர்வைகள் பற்றிக்கொண்டமை புலனாயிற்று. அம்முடிவுகளை எவரும் பயன்படுத்துமாறு அவர்கள் வெளியிட்டனர். கையால் ஒவ்வொன்றாகச் செய்திருந்தால் அது சில மாதங்களில் முடிந்திருக்கக்கூடிய காரியமா?

வீட்டிலே ஒரு பரிசோதனை

றோபோவைக் காண வாய்ப்பில்லாத எமது மாணவர்கள் அதன் வழியை வீட்டிலேயே பின்பற்றலாம். கடையிலே படிகாரம் வாங்கி, பெரியவர்களின் துணையோடு வெந்நீரிலே கரையுமளவு கரைத்து, ஆறு கண்ணாடிக் குவளைகளிலே ஊற்றுங்கள். ஒன்றைத் துணியாற் சுற்றி மெல்ல ஆறவிடுங்கள். ஒன்றைத் தண்ணீரில் அமிழ்த்தி விரைந்து ஆறவிடுங்கள். ஒன்றில் வெந்நீரைச் சற்றுக் கூட்டுங்கள். ஒன்றில் நூலை மட்டும் தொங்கவிடுங்கள். ஒன்றில், கரைசல் ஆறியபின், முன்னரே விளைந்த சிறு பளிங்கை நூலிற் கட்டித் தொங்கவிடுங்கள். ஒன்றை ஒன்றுமே செய்யாது விட்டுவிடுங்கள். எதையும் வாயில் வைத்தலாகாது. குவளைகளை அசைத்தலும் ஆகாது.

ஒவ்வொரு நாளும் கண்டதைக் கொப்பியில் எழுதுங்கள். நன்றாக விளைந்த குவளையைப் பற்றி இரண்டு வரி எழுதினால், விளையாத குவளையைப் பற்றி நான்கு வரி எழுதுங்கள். சம்னரின் ஒன்பது ஆண்டுகளும் ஹொட்ஜ்கினின் முப்பத்து நான்கு ஆண்டுகளும் எமக்குக் கற்பிப்பது அதனையே. றோபோ களைப்பின்றித் துளியை இடும், சிந்தாது சிக்கனம் பிடிக்கும், மறவாது கணக்கெழுதும். அக்கணக்கைப் படித்து, அடுத்த துளியிலே எதை மாற்றிப் பார்ப்பது என்று எண்ணுகின்ற வேலை இன்னமும் மனிதருக்கே உரியது. சிறு துளி பெரு வெள்ளம் என்பது எம்மவர் பழமொழி. கண்ணுக்குத் தென்படாத சிறு துளியிலே இன்று மருந்தும் பிறக்கின்றது, அறிவும் பிறக்கின்றது, பார்த்திருந்து எழுதிவைப்பவர்க்கு.